கேபிளைக் கழற்றியதும் செத்துப்போன பெட்டி

நம் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே உங்கள் கையில் ஒரு சீரியல் கேபிளைக் கொடுத்திருப்பார்கள். அடையாள அட்டை வர ஒரு மாதம் ஆகும், சம்பளக் கணக்கு திறக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும், கேபிள் மட்டும் அன்றைக்கே வந்துவிடும். வந்த வாரத்திலேயே அதில் கலர் டேப் ஒட்டியோ பெயர் எழுதியோ அதை உங்களுடையதாக்கிக் கொண்டிருப்பீர்கள். நான் என்னுடையதில் ஊதா நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தேன். அதை யாராவது தெரியாமல் எடுத்துப் போய்விட்டால் அன்றைக்கு அவருக்கு என் வாயால் அர்ச்சனை நடக்கும்.

அது நமக்கு ஏன் அவ்வளவு உசத்தி என்று வெளியாளுக்கு விளங்காது. நாம் செய்யும் பெட்டிகளுக்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. மின்சாரம் கொடுத்ததும் உள்ளே இருக்கும் ஓ.எஸ். கண் விழிக்கும். விழிக்கும்போதே நினைவகம் சரி, கடிகாரம் சரி, ஜி.பி.எஸ். வந்துவிட்டது என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போகும். அது பேசும் வாசல்தான் சீரியல் கன்சோல். கேபிளின் ஒரு முனையை அந்த வாசலில் செருகி மறுமுனையை லேப்டாப்பில் மாட்டினால், பெட்டிக்குள் நடப்பதெல்லாம் நமக்குத் தெரியும். கேபிள் இல்லாமல் பெட்டிக்கு முன்னால் உட்கார நம்மில் யாருக்கும் கை வராது. நான் சொல்லப்போகும் வம்பு முழுவதும் இந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான்.

நான் ஓய்வு பெற்றாயிற்று. “புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க மேடம்” என்று கேட்டார்கள். சிப்புக்குள் எந்த முகவரியில் எந்த பிட் இருக்கிறது என்பதற்கெல்லாம் கையேடு இருக்கிறது. கையேட்டைப் படிக்காமல் என்னிடம் சந்தேகம் கேட்க வந்தவர்களின் கதி என்ன ஆனது என்று போர்டு டிசைன் செய்யும் முருகேசனைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார். எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையையும் அதற்கடுத்த புதன்கிழமையையும் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது நாம் படகுப் பெட்டி செய்துகொண்டிருந்தோம். விசைப்படகின் மேல் தட்டில் திருகி வைப்பது. படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அண்டை நாட்டு எல்லைக் கோட்டை நெருங்கினால் சத்தம் போடும். ஆபத்து என்றால் அழுத்த ஒரு பொத்தான் உண்டு. வெளியே ஒரு பச்சை விளக்கு. அது எரிந்தால் பெட்டி முழித்திருக்கிறது என்று அர்த்தம். ஜெகதாப்பட்டினத்துக் கடலில் எல்லைக் கோடு எவ்வளவு பக்கம் என்பது நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீரில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. வலை இழுக்கும் மும்முரத்தில் நீரோட்டம் தள்ளிக்கொண்டு போனால் அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள், படகும் போகும், ஆளும் போகும்.

இந்தப் பெட்டியில்தான் முதல்முறையாகத் தரப்படுத்தப்பட்ட சீரியல் போர்ட், அதாவது நான் சொன்ன அந்த வாசல், வந்தது. அதற்கு முன்னால் சிப்புக்குச் சிப் வேறு மாதிரி இருக்கும், ஒவ்வொன்றையும் ஓ.எஸ்ஸோடு பேசவைக்கத் தனித்தனி டிரைவர் நிரல் எழுத வேண்டும். சிப் செய்கிறவர்கள் ஒருவழியாகக் கூடிப் பேசி, குறைந்தபட்சம் இன்னின்ன பிட் இன்னின்ன இடத்தில் இருக்கும், இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று ஓர் ஒழுங்குக்கு வந்தார்கள். எந்த ஓ.எஸ். ஆனாலும் ஒரே டிரைவர் போதும். நான் வருடக்கணக்கில் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றி வந்த பழைய டிரைவரைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓ.எஸ்ஸோடு வரும் பொது டிரைவரை வைத்தேன். அன்று அலுவலகத்தில் என் செலவில் கேசரி.

அந்தப் பொது டிரைவர் ரொம்ப மரியாதையானது. போர்ட்டின் வேகத்தையோ அமைப்பையோ அது தொடவே தொடாது. தனக்கு முன்னால் ஓடும் ஃபர்ம்வேர் என்ற ஆரம்ப நிரல் என்ன வைத்துவிட்டுப் போனதோ, அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். சிப் செய்கிறவர்கள் கூடி வகுத்த தரவிதி அப்படித்தான் சொல்கிறது. சோதனை மேசையில் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் கேபிள் செருகி, வாரக்கணக்கில் ஓடவிட்டோம். ஒன்றுகூடச் சுணங்கவில்லை. ஜெகதாப்பட்டினம் போய்ப் படகுகளில் மாட்டினோம். அங்கேயும் படகு எண்ணைப் பதிய கேபிளைச் செருகினோம், பச்சை விளக்கு எரிந்தது, டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆமினாம்மா போன் செய்தார். அவர் ஒரு விசைப்படகின் சொந்தக்காரர். அவர் மகன் சாகுல்தான் அதை ஓட்டுகிறவன். சில வருடங்களுக்கு முன்னால் இவர்களுடைய பழைய படகு கோட்டைத் தாண்டிவிட்டது. அந்த நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. மகன் பல மாதம் கழித்துத் திரும்பினான், படகு திரும்பவில்லை. நம் பெட்டி வேண்டும் என்று முதலில் பதிந்துகொண்டவர் இவர்தான்.

“மேடம், மாட்டுன அன்னைக்கு எரிஞ்ச வெளக்கு இப்ப எரிய மாட்டேங்குது. எஞ்சின் போட்டும் பாத்தாச்சு. பக்கத்துப் படகுலயும் அப்பிடித்தான். நாளைக்குப் புள்ளைக கடலுக்குப் போறாக. வந்து பாருங்க.”

அந்தக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. ஆளுக்குப் பாதிக் கடல் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்ட முறை. புதன்கிழமையை விட்டால் சனிக்கிழமைதான். ஆகவே பெட்டி சரியாகவில்லை என்றால் படகு நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். படகு போகும். பெட்டி இல்லாமல் போகும்.

முருகேசனும் நானும் கம்பெனிக் காரில் கிளம்பினோம். அறந்தாங்கி தாண்டும்வரை முருகேசன் பேசிக்கொண்டே வந்தார். உப்புக்காற்றில் கனெக்டர் அரித்திருக்கும் என்றார். பேட்டரி இறங்கியிருக்கும் என்றார். மணமேல்குடி நெருங்கும்போது சுவிட்சைச் சரியாகப் போட்டிருக்க மாட்டார்கள் என்றார். தன் போர்டைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது. எனக்கும் அப்படித்தான், என் டிரைவரைத் தவிர.

பெண்கள் விசைப்படகில் ஏறுவது அங்கே வழக்கமில்லை. ஆமினாம்மாவே தன் சொந்தப் படகில் கால் வைத்ததில்லை. அதனால் சாகுல் பெட்டியைக் கழற்றி, ஒரு பேட்டரியோடு மீன் ஏலக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தான். முருகேசன் கேபிளைச் செருகி லேப்டாப்பைத் திறந்தார். சுவிட்சைப் போட்டார். வரிகள் கடகடவென்று ஓடின, பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“நல்லாத்தானே இருக்கு?” என்றார் முருகேசன்.

சாகுல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் மாட்டினான். அங்கிருந்தே கத்தினான், “எரியலங்க.” மறுபடி கொண்டுவந்தான். கேபிளைச் செருகினோம். எரிந்தது. மூன்றாவது தடவை அவன் பெட்டியைக் கீழே வைத்த விதத்தில் கோபம் தெரிந்தது.

“நீங்க தொட்டா எரியுது, நாங்க தொட்டா அணையுது. எங்களுக்குக் கை ராசி இல்லைங்கிறீகளா?”

ஏலக்கூடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பத்துப் பேர் பத்து யோசனை சொன்னார்கள். முருகேசன் பேட்டரி ஒயரை நோண்டிக்கொண்டிருந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நானும் ஏதாவது ஒயரைப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனால் குழம்பிய நேரத்தில் கை ஓடினால் புத்தி நின்றுவிடும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இது கேலிக்காகச் சொல்வதல்ல, நீங்களும் செய்து பாருங்கள். கை கட்டி நின்றால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

நின்று பார்த்தபோது, எங்கள் மூன்று சோதனையிலும் ஒன்று மாறாமல் இருப்பது தெரிந்தது. பெட்டி இங்கே வந்ததும் நாங்கள் முதலில் என்ன செய்கிறோம்?

“முருகேசன், லேப்டாப்பைக் கார்ல வச்சுட்டு வாங்க. கேபிளையும் எடுத்துருங்க.”

“கேபிள் இல்லாம என்னத்த மேடம் பாக்குறது?”

“வெளக்கத்தான்.”

சுவிட்சைப் போடச் சொன்னேன். பச்சை விளக்கு எரியவில்லை. அணைத்து, லேப்டாப்பைத் திரும்பக் கொண்டுவந்து கேபிளைச் செருகிப் போடச் சொன்னேன். எரிந்தது. உப்பும் இல்லை, பேட்டரியும் இல்லை, கை ராசியும் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வேலை செய்யும் பெட்டியைச் செய்து, அதை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டே சோதித்து, நடுக்கடலுக்கு அனுப்பி வைத்திருக்கிறோம்.

காரணம் எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கதை சொல்லும்போது சில பேர் எதிராளி ‘உம்’ கொட்டினால்தான் அடுத்த வரிக்குப் போவார்கள். சீரியல் போர்ட்டிலும் அப்படி ஓர் அமைப்பு உண்டு. மறுமுனை ‘தயார்’ என்று கனெக்டரில் இருக்கும் ஓர் ஊசியில் சைகை காட்டினால்தான் எழுத்தை வெளியே விடும். சிப் விற்றவர்களின் ஃபர்ம்வேர் அந்த அமைப்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தது. நம் மரியாதைக்காரப் பொது டிரைவர் அதைத் தொடவில்லை. கேபிள் இருந்தால் லேப்டாப் உம் கொட்டும். படகில் உம் கொட்ட யார் இருக்கிறார்கள்? போர்ட்டில் எழுத்து நிரம்பிவிடும், டிரைவர் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும், அதன் பின்னால் ஓ.எஸ். முழுவதும் வரிசையில் நிற்கும். தன் சொந்தப் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் பெட்டி விழிக்காமலேயே கிடந்தது. தரவிதி எங்கும் பொய் சொல்லவில்லை. போர்ட்டுக்குள் என்ன இருக்கும் என்றுதான் அது வாக்குக் கொடுத்தது. ஒயரின் மறுமுனையில் ஆள் இருப்பார் என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம்.

என் யோசனை சரியா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் போர்ட்டில் ஏழாவது ஊசியும் எட்டாவது ஊசியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று நம் பெட்டி காட்டும் சைகை, மற்றது எதிராளியிடம் எதிர்பார்க்கும் சைகை. இரண்டையும் தொட வைத்தால் பெட்டி தனக்குத் தானே உம் கொட்டிக்கொள்ளும். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி இரண்டு ஊசிக்கும் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டேன். சாகுல் சுவிட்சைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஊக்கை எடுத்தேன். கொஞ்சம் பொறுத்து அணைந்தது.

கூட்டத்தில் யாரோ, “ஒரு ஊக்குலயா இருக்கு சூட்சுமம்” என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் அல்ல. இந்தப் பெட்டிக்காக வீட்டை அடகு வைத்திருந்தார், அவ்வளவுதான். முழுவதையும் கேட்டுவிட்டு, “டிரைவர்ல அந்தக் காத்திருப்புக்கு ஒரு வரம்பு போட்டா சரியாயிடும்ல? சின்ன மாத்தம்தானே? சாயங்காலத்துக்குள்ள எழுதி, கேபிள் போட்டு எழுப்பி, எல்லாப் பெட்டிக்கும் காத்து வழியா அனுப்பிருங்க” என்றார்.

அந்த மாற்றம் நான்கு வரிதான். பிள்ளைகளே, நம் தொழிலில் ஆளை விழுங்குவது நான்கு வரி மாற்றங்கள்தான். நானூறு வரி என்றால் பயந்துகொண்டு சோதிப்போம். நான்கு வரிக்கு யாரும் பயப்பட மாட்டார்கள்.

“அனுப்ப மாட்டேன் சார்” என்றேன். “அது தப்பாப் போச்சுன்னா நாளைக்கு எல்லாப் படகும் ஒரே நேரத்துல கடல்ல செத்த பெட்டியோட நிக்கும். அங்க கேபிள் போட நான் எப்பிடிப் போறது? அந்த ரெண்டு ஊசியையும் சேத்து வச்ச மாதிரி ஒரு மூடி செஞ்சு மாட்டுறோம். அது வேல செய்யுறதை இப்பக் கண்ணால பாத்துட்டேன். டிரைவரை அப்புறம் நிதானமாத் திருத்தித் தாரேன்.”

யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். பிறகு, “மூடி எதுக்குன்னு கேட்டா உப்புக்காத்து உள்ள போகாம இருக்கன்னு சொல்லிருங்க மேடம். கோளாறுன்னு சொன்னா அத்தனை பெட்டியும் திரும்ப வந்துரும்” என்றார்.

நான் போனை வைத்தேன்.

முருகேசன் அறந்தாங்கிக்கு ஓடினார். கடைகளில் கிடைத்த கனெக்டர்களையெல்லாம் வாங்கிவந்து, ஏலக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஒயரைப் பற்றவைத்தார். வழியெல்லாம் சுவிட்சைக் குற்றம் சொல்லிக்கொண்டு வந்த மனிதர், வாயைத் திறக்காமல் வேலை செய்தார். திருகு மட்டும் போதவில்லை. பாதி மூடிகளை அழுத்திச் செருகத்தான் முடிந்தது, திருகி இறுக்க முடியவில்லை. விசைப்படகின் அதிர்வில் அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

நான் படகுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். முதலாளி சொன்ன வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. எவ்வளவு சௌகரியமான வாக்கியம். ஆனால் அந்த மூடியை உப்புக்காற்றுக்கான மூடி என்று சொன்னால், அது விழுந்தால் யார் கவலைப்படுவார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், விளக்கு அணைந்துபோன பெட்டியைக் கடலில் மறைக்க முடியாது.

“இந்தப் பெட்டியில கோளாறு இருக்கு. கோளாறு எங்களோடது. உங்க மேலயோ பேட்டரி மேலயோ எந்தத் தப்பும் இல்ல” என்றேன். “இந்த மூடி இருக்கிற வரைக்கும் பெட்டி வேல செய்யும். மூடி கழண்டா செத்துரும். கோடு வந்தாலும் கத்தாது. பச்சை வெளக்கு அணைஞ்சா, பெட்டியே இல்லைன்னு வச்சுக்கிட்டுத் திரும்பிருங்க.”

“அப்ப ஓட்டப் பெட்டியத்தான் எங்க தலையில கட்டிருக்கீக” என்றார் ஒரு பெரியவர்.

“ஆமாங்க.”

கொஞ்ச நேரம் நன்றாகத் திட்டினார்கள். நான் நின்று வாங்கிக்கொண்டேன். இரண்டு பேர் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆமினாம்மா மட்டும் பக்கத்தில் வந்து நின்றார்.

“வெளக்கு எரிஞ்சா எம் மகன் எங்கிட்டு இருக்கான்னு எனக்குத் தெரியும்ல?”

“தெரியும்மா.”

“அணைஞ்சா?”

“உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

அவர் மகனைப் பார்த்தார். “கேட்டுக்கிட்டியா? வெளக்கு அணைஞ்சா வலையை அறுத்துப் போட்டுட்டாச்சும் வரணும்.”

புதன்கிழமை காலையில் படகுகள் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பின. நான் ஊருக்குப் போகவில்லை. விசைப்படகுச் சங்கத்து அலுவலகத்தில் ஒரு திரை இருந்தது, அதில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. ஆமினாம்மாவும் நானும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். மதியம் வரை எல்லாப் புள்ளியும் நகர்ந்துகொண்டிருந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஒரு புள்ளி அசையாமல் நின்றது. சாகுலின் படகு. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் ரொம்பப் பக்கத்தில்.

திரையைப் பொறுத்தவரை, பெட்டி செத்தாலும் படகு மூழ்கினாலும் ஒரே மாதிரித்தான் தெரியும். புள்ளி கடைசியாக இருந்த இடத்திலேயே நிற்கும். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள், எட்டவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வாழ்நாளில் எத்தனையோ டிரைவர் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றால் ஒரு தாய் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது அன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு ஒரு படகு தனியாக வந்தது. ஆமினாம்மா செருப்புப் போடாமல் ஓடினார், நான் பின்னால் ஓடினேன். சாகுல் இறங்கினான். படகில் மீன் இல்லை. கூட வந்த மூவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“வலையை இழுக்கையில கயிறு தட்டி மூடி கடல்ல போயிருச்சு. வெளக்கும் அணைஞ்சுருச்சு. திரும்பச் சொன்னீக, திரும்பிட்டோம்” என்றான் சாகுல்.

“இன்னும் கொஞ்சம் அங்கிட்டுப் போயிருந்தா நல்ல மீன்பாடு கெடச்சிருக்கும். வெறும் மூடிக்காக...” என்று முனகினான் கூட வந்தவன்.

“வெறும் மூடின்னு நெனச்சிருந்தா போயிருப்போம்டா” என்றான் சாகுல்.

அந்த வாக்கியத்தை அப்படியே முதலாளிக்குப் போனில் சொன்னேன்.  மறுநாள் அவரே திருகுகளை வாங்கிக்கொண்டு ஜெகதாப்பட்டினம் வந்தார், எல்லா மூடியையும் இறுக்கினார். திருப்பிக் கொடுத்த இரண்டு பேர் வீட்டுக்கும் போய் வந்தார். ஒருவர் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்னொருவர் வாங்கவில்லை, அது அவர் உரிமை.

இனி டிரைவர். அந்த நான்கு வரியை எழுதினேன்: இவ்வளவு நேரம் பார், இடம் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ. இந்த ஓ.எஸ்ஸை உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து பராமரிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் சீரியல் பகுதியைக் கவனிக்கும் ஒருவருக்கு அனுப்பினேன். முகம் பார்த்ததில்லை. அவர் பாராட்டி நான் பார்த்ததும் இல்லை. ஒரே கேள்வி கேட்டு எழுதியிருந்தார்: கடைசிவரை யாருமே கேட்கவில்லை என்றால் உங்கள் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?

முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பெட்டி விழித்தது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்று, ஆள் வருவாரா என்று பார்த்துப் பார்த்து, ஒரு தூக்கம் போட்டு எழும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டது. அன்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதைத்தான் எல்லாப் படகுக்கும் அனுப்பச் சொன்னார்கள். விளக்கு எரியாத பெட்டியோடு அத்தனை பேரும் கிளம்பியிருப்பார்கள்.  ஒருமுறை காத்துப் பார்த்து ஆள் இல்லை என்று தெரிந்தால், அதற்குப் பிறகு வரும் வரிகளுக்கு நிற்காமலே போகும்படி திருத்தினேன். யாராவது கேபிளைச் செருகினால் மறுபடி பேசட்டும். கன்சோல் வேலையைப் பற்றிப் பேசுவதற்கு இருப்பது. பேச்சுக்காக வேலை நிற்கக்கூடாது. நான் எழுதும் எந்த டிரைவரும் இனி எதற்காகவும் வரம்பில்லாமல் காத்திருக்காது என்று அன்று முடிவு செய்தேன், ஓய்வு பெறும்வரை அதை மீறவில்லை. உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன். மீறினால் ஓய்விலிருந்து எழுந்து வருவேன்.

புது டிரைவரோடு பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஜெகதாப்பட்டினம் போனேன். மேசையில் கேபிள் இல்லாமல் சோதித்த விவரமெல்லாம் ஆமினாம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“மேசையில எரிஞ்சது சரி. அன்னைக்கும் மேசையில எரிஞ்சுச்சுல்ல?”

“எரிஞ்சதுதாம்மா.”

“எம் மகன் அதை நம்பிப் போறதுக்கு முன்னாடி நீங்க படகுல ஏறணும். கரையில நின்னு பாத்தா எனக்கு ஆகாது.”

“பொம்பளைக ஏறுறது வழக்கமில்லைன்னு சொன்னாங்களேம்மா.”

“படகு ஏம் படகு. யாரு கேக்குறா? தனியாப் போகக் கூச்சமா இருந்தா நானும் வாரேன்.”

சாகுல் தலையில் கை வைத்துக்கொண்டான். கரையில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். ஆமினாம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகன் நீட்டிய கையைப் பிடித்து, தன் படகில் முதல்முறையாக ஏறினார். அடுத்து நான் ஏறினேன்.  முருகேசன் லேப்டாப்போடு கரையிலேயே நின்றார். நான் அவரை ஏறவிடவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் எஞ்சினை மட்டுப்படுத்திவிட்டு, சாகுல் பெட்டியின் சுவிட்சைப் போட்டான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள நினைத்தேன், படகு ஆடிய ஆட்டத்தில் கம்பியைத்தான் பிடித்துக்கொள்ள முடிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமினாம்மா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அணைச்சுட்டு இன்னொரு தடவ போடு” என்றார் மகனிடம்.

அவன் அணைத்துப் போட்டான். எரிந்தது.

“இன்னும் ஒரு தடவ.”

“உம்மா, எரியுதுல்ல?”

“போடுறா.”

அவன் என்னைப் பார்த்தான், நான் காப்பாற்றுவேன் என்று நினைத்திருப்பான். கரை மறையும்வரை அந்த அம்மா அவனை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.